பதினெட்டு வயதுக்குப் பிறகு எந்தப் பட்டறை? மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி வழிகள்: ஓர் ஒப்பீடு

சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும் ஆண்டில், பள்ளி வண்டி இனி வாசலுக்கு வராது என்ற நிலையில், மறுநாள் காலையிலிருந்து அந்தப் பிள்ளை எங்கே போவது என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. அண்மையில் இரு பெற்றோர் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். செவித்திறன் இல்லாத மகனை அரசு ஐடிஐயில் சேர்ப்பதா, மூன்று மாதப் பயிற்சி கொடுத்து வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லும் மையத்தில் சேர்ப்பதா என்று கேட்டவர் ஒரு தந்தை. அறிவுசார் குறைபாடுள்ள மகளை ஊரில் உள்ள தொண்டு நிறுவனப் பட்டறைக்கு அனுப்புவதா, ஒரு தையல் இயந்திரம் வாங்கி வீட்டிலேயே பழக்குவதா என்று கேட்டவர் ஒரு தாய். இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது என்றாலும், விடையைத் தேட வேண்டிய முறை ஒன்றுதான். தமிழ்நாட்டில் இன்று கைக்கெட்டும் ஐந்து வழிகளை அம்முறையில் இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

எவற்றை வைத்து எடைபோடுவது

பயிற்சி இலவசமா என்பதைத்தான் பெரும்பாலான பெற்றோர் முதலில் விசாரிக்கிறார்கள். இங்கே பேசப்படும் வழிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆகவே அந்தக் கேள்வி எதையும் பிரித்துக் காட்டாது. கற்ற வேலையை யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது. பயிற்சி முடிந்த மறுநாள் அந்தக் கைத்தொழிலுக்கு வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில் ஒரு முதலாளியோ, ஒரு சந்தையோ, ஒரு வாடிக்கையாளரோ இல்லையென்றால், எவ்வளவு நன்றாகக் கற்பித்திருந்தாலும் அது வீட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழாகவே நின்றுவிடும்.

அடுத்தது பயணமும் துணையும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் போகலாம் என்பதால், பயணச் செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பேருந்துக்குக் காசு வேண்டாம் என்பது உண்மை. ஆனால் உடன் போகும் தாய் இழக்கும் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தாய் மாதத்தில் 22 நாள் பிள்ளையோடு பட்டறை வாசலில் காத்திருந்தால், அந்தக் குடும்பம் மாதம் 8,800 ரூபாயை இழக்கிறது. இலவசம் என்று சொல்லப்படும் பயிற்சியின் உண்மை விலை இதுதான். பிள்ளை தனியாகப் போய்வரப் பழகுவதற்கு எத்தனை மாதம் ஆகும், அதற்குப் பயிற்சி நிலையம் என்ன உதவி செய்யும் என்று சேர்க்கும் நாளிலேயே கேட்பது, பாடத்திட்டத்தைக் கேட்பதைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

மூன்றாவது, சான்றிதழ் எத்தனை இடங்களில் செல்லும் என்பது. நான்காவது, ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் உதவித்தொகைக்கு என்ன ஆகும் என்பது. அறிவுசார் குறைபாடு, கடும் உடல் பாதிப்பு போன்ற நிலைகளுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உள்ளது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஓராண்டு காத்திருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தனியே வேலையற்றோர் உதவித்தொகையும் உண்டு. பத்தாம் வகுப்பு வரை 600, மேல்நிலைக்கு 750, பட்டத்துக்கு 1,000 ரூபாய் என்பது அதன் அளவு. இந்த இரண்டாவது தொகை, வேறு அரசு உதவித்தொகை பெறுபவருக்கும் முழுநேரமாகப் படிப்பவருக்கும் கிடைக்காது. ஆகவே எந்தப் பயிற்சியிலும் வேலையிலும் சேர்வதற்கு முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

கடைசியாகச் சொன்னாலும் கடைசி இடத்தில் வைக்கக் கூடாத ஒன்று, அந்த இளைஞரின் விருப்பம். பேச்சு வராதவருக்கும் விருப்பம் உண்டு. எந்த வேலையைத் தந்தால் கை தானாகப் போகிறது, எதைத் தந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பதைப் பார்த்தாலே அது தெரியும்.

அரசு ஐடிஐ

ஐடிஐயின் பெரிய பலம் அதன் தேசியத் தொழிற்சான்றிதழ். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற ஈராண்டுப் பிரிவுகளிலும், வெல்டர், கணினி இயக்குபவர் போன்ற ஓராண்டுப் பிரிவுகளிலும் பெறும் இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். அரசு, பொதுத்துறைப் பணி அறிவிப்புகளில் தகுதியாகக் கேட்கப்படுவதும் இதுவே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் தரும் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பயன்படுத்திக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்கு, பட்டப்படிப்புக்கு அடுத்தபடியாக உறுதியான ஏணி இது. அந்த நான்கில் ஒரு விழுக்காடு பார்வைக் குறைபாட்டுக்கும், ஒன்று செவித்திறன் குறைபாட்டுக்கும், ஒன்று மூளை முடக்குவாதம் உள்ளிட்ட இயக்கக் குறைபாடுகளுக்கும், ஒன்று ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கும் உரியது. அரசு நிலையங்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், பேருந்துப் பயண அட்டை, சீருடை, பாடநூல் போன்றவையும் கிடைக்கும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான பிரிவுகளும் உண்டு.

ஒவ்வொரு பிரிவின் பாடத்திட்டத்திலும், எந்தெந்தக் குறைபாடு உள்ளவர்கள் அதில் சேரத் தகுதியுடையவர்கள் என்ற பட்டியல் அச்சிடப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சேர்க்கை நாளில் அலுவலக மேசையில் ஒருவர், 'இவருக்கு இது சரிப்படாது' என்று சொன்னால், அந்தப் பட்டியலைக் காட்டும்படி கேட்கலாம். சில வேளைகளில் பட்டியல் நம் பக்கம் இருக்கும்.

இனி மறைவான செலவுகள். பயிற்றுநர் கரும்பலகைக்குத் திரும்பி நின்று பேசும் வகுப்பில், சைகைமொழி பெயர்ப்பவர் இல்லாமல், செவித்திறன் இல்லாத மாணவர் செய்முறையில் முதலிடம் பெற்றுவிட்டு எழுத்துத் தேர்வில் தவறிவிடுவது நடக்கிறது. அப்படித் தவறினால் சான்றிதழ் இல்லை. இரண்டு ஆண்டுகளும் கணக்கில் வராமல் போகும். மாலையில் எழுத்துப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணனோ அக்காளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ இருக்கிறாரா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். சக்கர நாற்காலியில் செல்பவர், பட்டறை தரைத்தளத்தில் இருக்கிறதா என்பதோடு, கழிப்பறைக் கதவு நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கிறதா என்பதையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் கேட்டால் எல்லா இடத்திலும் 'வசதி இருக்கிறது' என்றே சொல்வார்கள்.

எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியவர், தனியாகப் பேருந்தில் போய்வரக்கூடியவர், செவித்திறன் குறைபாடோ ஒரு காலில் பாதிப்போ உள்ளவர் என்றால், மற்ற வழிகளைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கிண்டி மையமும் முட்டுக்காடும்

சென்னை கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மையத்தைப் பழைய ஆட்கள் இன்னமும் வி.ஆர்.சி. (தொழில்சார் மறுவாழ்வு மையம்) என்றே சொல்கிறார்கள். பயிற்சியைவிட மதிப்பீட்டுக்காகவே இதை நான் பரிந்துரைப்பேன். உளவியல் சோதனையோடு நின்றுவிடாமல், பட்டறையில் கருவியைக் கையில் கொடுத்துச் செய்ய வைத்து, இவருக்கு எந்த வகை வேலை ஒத்துவரும் என்று சொல்லும் இடம் இது. எதில் சேர்ப்பது என்றே தெரியாமல் நிற்கும் குடும்பம் வெளியூரில் இருந்தாலும் ஒரு முறை இங்கே வந்து போவது வீணாகாது. முழுப் பயிற்சிக்கும் இங்கேயே தங்குவதென்றால், சென்னையில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்து, இலவசப் பயிற்சி என்பது பெயரளவில்தான் நிற்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய நிறுவனம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருப்பவர்களுக்கானது. பார்வையும் செவியும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர், மூளை முடக்குவாதத்தோடு அறிவுசார் குறைபாடும் உள்ளவர் ஆகியோரைச் சாதாரணப் பட்டறைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், அவர்களுடைய குடும்பங்கள் அலைவதற்கு முன் இங்கே ஒரு முறை காட்டிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தொண்டு நிறுவனப் பட்டறை

மெழுகுவர்த்தி, காகித உறை, மிதியடி, பாக்குமட்டைத் தட்டு, பினாயில், துணிப்பை ஆகியவற்றைச் செய்யும் இத்தகைய பட்டறைகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள இளைஞர்களில் பலர் சேருவது இங்கேதான். காலை ஒன்பதரைக்குப் போய் மாலை மூன்றரைக்குத் திரும்பலாம், அவரைப் புரிந்துகொள்ளும் ஆசிரியர் இருப்பார், வலிப்பு வந்தால் பதறாமல் கையாளத் தெரிந்தவர் இருப்பார், நண்பர்கள் கிடைப்பார்கள். தாய்க்கு ஆறு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. இந்தக் கடைசிப் பயனை வெளியில் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை.

குறையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இங்கே தருவதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. ஊக்கத்தொகை என்பார்கள், மாதத்துக்குச் சில நூறு ரூபாயைத் தாண்டாத இடங்களே மிகுதி. பயிற்சி என்ற பெயரில் சேர்ந்தவர் பத்து ஆண்டு கழித்தும் அதே மேசையில் அதே உறையை ஒட்டிக்கொண்டிருப்பார். பயிற்சி எப்போது முடிந்தது, வேலை எப்போது தொடங்கியது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. இத்தகைய தனிப்பட்ட பட்டறைகளை வேலைக்கான உரிமையின் நிறைவேற்றமாகக் கருத முடியாது என்று அந்த உடன்படிக்கையின் குழு 2022இல் தன் பொதுக் கருத்துரையில் தெளிவாகவே எழுதியது. கொள்கை அளவில் அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்களின் முன்னால் இருப்பது பட்டறையா வெளிவேலையா என்ற தேர்வு அன்று. பட்டறையா, பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியா என்பதே. அந்த நிலையில் பட்டறையைப் பழிப்பது எளிது, மாற்றுவழி காட்டுவதுதான் கடினம்.

ஆகவே பட்டறை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, எப்படிப்பட்ட பட்டறை என்று பார்ப்பதே பயன்தரும். கடந்த மூன்று ஆண்டுகளில் இங்கிருந்து வெளிவேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்ற விடையும் ஒரு விடைதான். செய்த பொருளை யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். தீபாவளிக்கு அகல்விளக்கும் புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டையும் வாங்கும் நன்கொடையாளர்கள் மட்டுமே வாடிக்கையாளர்கள் என்றால், ஆண்டின் மற்ற மாதங்களில் அங்கே உண்மையான வேலை இருக்காது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை வந்த பின், காகித உறை, பாக்குமட்டைத் தட்டு, துணிப்பை ஆகியவற்றுக்கு உள்ளூர்க் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் தேவை கூடியிருக்கிறது. அந்தச் சந்தையைப் பிடித்த பட்டறைக்கும் இன்னும் சுண்ணக்கட்டி வார்த்துக்கொண்டிருக்கும் பட்டறைக்கும் வேறுபாடு பெரிது.

பட்டறை என்றாலே ஊக்கத்தொகைதான் என்று முடிவுகட்டவும் தேவையில்லை. காட்பாடியில் உள்ள வொர்த் டிரஸ்ட், தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக 1963இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது. இன்று வெளிச் சந்தைக்கான பொருள்களைச் செய்யும் தொழிற்கூடங்களை அது நடத்துகிறது. பார்வையற்றோர் எழுதும் பெர்கின்ஸ் பிரெய்லர் இயந்திரம் அங்கே உருவாகும் பொருள்களில் ஒன்று. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஒருவரே தொடங்கியது என்பதால், சிகிச்சை, கல்வி, தொழிற்பயிற்சி மூன்றையும் ஒரே வளாகத்தில் இணைத்துப் பார்க்கும் பார்வை அங்கே இயல்பாகவே வந்தது. இத்தகைய இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் உங்கள் ஊர்ப் பட்டறையை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு அவை அளவாக இருக்கும்.

வேலைவாய்ப்போடு இணைந்த குறுகிய காலப் பயிற்சி

இரண்டு முதல் ஆறு மாதங்களில் கடை விற்பனை, தரவுப் பதிவு, பொட்டலம் கட்டுதல், ஓட்டல் அறைப் பராமரிப்பு போன்றவற்றைக் கற்பித்து, நிறுவனங்களில் சேர்த்துவிடும் மையங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு நிதியில் நடப்பவையும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நடப்பவையும் இவற்றில் அடங்கும். விரைவில் சம்பளம் வருவது இதன் கவர்ச்சி. சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும்போது வருங்கால வைப்புநிதியும் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடும் சேர்ந்து வரும், இ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாய்.

இங்கே மறைவான செலவு, வேலை கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. வேலை பெரும்பாலும் சென்னை, கோவை, ஓசூர், திருப்பெரும்புதூர் போன்ற இடங்களில் இருக்கும். முதல் சம்பளம் கைக்கு வருமுன் விடுதி முன்பணமும் ஒரு மாதச் சாப்பாடும் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். பயிற்சி மையத்தின் கணக்கு, ஆளைச் சேர்த்துவிட்டதோடு முடிந்துவிடலாம்; நான்காவது மாதத்தில் மேற்பார்வையாளரோடு ஒரு தகராறு வரும்போது சைகைமொழியில் பேசித் தீர்த்துவைக்க யார் வருவார்கள் என்பதே உண்மையான சோதனை. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், இரவுப் பணிமுறையில் தன்னை மட்டும் தொடர்ந்து போடுகிறார்கள் என்பதை யாரிடமும் சொல்ல வழியில்லாமல், சம்பளப் பாக்கியையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். அவர் கற்ற வேலையில் ஒரு குறையும் இல்லை.

நிறுவனமே நீண்டகால நோக்கில் ஆள் எடுத்துத் தன் கூடத்திலேயே பழக்கும்போது நிலைமை வேறு. ஓசூரில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் செவித்திறன் குறைபாடு உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் பல பத்தாண்டுகளாகப் பணிபுரிந்துவருவது பலரும் அறிந்தது. 'வேலைக்கு நாங்கள் பொறுப்பு' என்று சொல்லும் மையத்திடம், சேர்த்துவிட்டவர்களில் ஓராண்டுக்குப் பின்னும் அதே வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டு, அவர்களில் இருவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. கிளைகள் எத்தனை, விருதுகள் எத்தனை என்ற சுவரொட்டி உங்களுக்குப் பயன்படாது.

வீட்டோடு செய்யும் தொழில்

தையல், பெட்டிக்கடை, ஆடு கோழி வளர்ப்பு, ஆவின் பாலகம், கைப்பேசி பழுதுபார்த்தல் என்று இது விரியும். மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரத்தை மாநில அரசு விலையின்றித் தருகிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார்களும் அதைக் கேட்டுப் பெறலாம். தொழில் தொடங்க மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிதி நிறுவனத்தின் கடன் உண்டு. பயணம் இல்லை, துணைக்கு ஆள் வேண்டியதில்லை, நேரமும் நம்முடையது. படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ பெரும்பொழுது கழிப்பவருக்கும், பேருந்தே வராத ஊரில் இருப்பவருக்கும், பல வேளைகளில் இது ஒன்றே நடைமுறைக்கு ஒத்துவருவது.

இதன் செலவு பணத்தில் தெரியாது. ஒருவருடைய பெயரில் தொடங்கிய கடையில் கல்லாவில் உட்காருபவர் அண்ணன், கணக்கு எழுதுபவர் மாமா, பெயருக்குரியவரோ பின்கட்டில் என்று ஆவதை நிறையவே பார்க்கலாம். தெரிந்தவர்கள் கடன் சொல்லிப் போவதும், 'பாவம்' என்று இரக்கப்பட்டு ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வராததும் தொழிலை மெல்லக் கரைக்கும். தனிமை இன்னொன்று, பள்ளியில் பதினைந்து நண்பர்களோடு இருந்தவர் திடீரென்று நாள் முழுதும் ஒரு திண்ணையில் அமர்வது எளிதன்று. மாற்றுத்திறனாளிகளுக்கென்று அமைந்த சுயஉதவிக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டால் கடனும் கூட்டும் ஒருங்கே கிடைக்கும்.

அருகருகே வைத்துப் பார்த்தால்

| வழி | காலம் | மறைவான செலவு | சான்றிதழ் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| அரசு ஐடிஐ | 1 அல்லது 2 ஆண்டு | எழுத்துப் பாடத்துக்கு வீட்டில் துணை | நாடு முழுவதும் செல்லும் | 8 அல்லது 10 தேறி, தனியே பயணிப்பவர் |
| கிண்டி, முட்டுக்காடு | மதிப்பீடு என்றால் சில நாள் | சென்னையில் தங்கும் செலவு | பிரிவைப் பொறுத்தது | வழி தெரியாமல் நிற்பவர். பல்வகைக் குறைபாடுள்ளவர் |
| தொண்டு நிறுவனப் பட்டறை | வரம்பில்லை | குறைந்த ஊக்கத்தொகை, முடிவில்லாப் பயிற்சி | பெரும்பாலும் இல்லை | தொடர் துணை வேண்டியவர் |
| குறுகிய காலப் பயிற்சி | 2 முதல் 6 மாதம் | வெளியூர் வாழ்க்கை, பின்தொடர்தல் இன்மை | ஓரளவு செல்லும் | உடனே சம்பளம் தேவைப்படுபவர் |
| வீட்டுத் தொழில் | உடனே தொடங்கலாம் | தனிமை, கடன் பாக்கி | தேவையில்லை | பயணிக்க இயலாதவர் |

அந்த இரு குடும்பங்களுக்கு

தந்தைக்கு நான் சொல்வது ஐடிஐ. அவருடைய மகன் பத்தாம் வகுப்புத் தேறியவர், தனியாகவே பேருந்தில் போகிறார், இயந்திரங்களில் ஆர்வமுள்ளவர். மூன்று மாதப் பயிற்சிக்கு ஐடிஐ முடித்த பிறகும் போகலாம். மூன்று மாதப் பயிற்சியோடு வேலைக்குப் போனவர் சம்பளத்தை விட்டுவிட்டு ஐடிஐக்குத் திரும்புவது அரிது. வீட்டு நிலைமை ஈராண்டு காத்திருக்க இடம் தராது என்றால் ஓராண்டு வெல்டர் பிரிவைப் பார்க்கலாம். கண்ணும் கையும் முதன்மையாக வேண்டிய வேலை அது. கடன் கழுத்தை நெரிக்கும் வீடு என்றால் மட்டும் குறுகிய காலப் பயிற்சியை முதலில் எடுக்கட்டும். அதையும் ஊருக்கு அருகிலேயே வேலை தரும் இடமாகப் பார்த்து எடுக்கட்டும்.

தாய்க்குச் சொல்வது கொஞ்சம் வேறு. தையல் இயந்திரத்தைத் தாயின் பெயரில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். மகளைப் பட்டறைக்கு அனுப்புங்கள். மகள் பட்டறையில் இருக்கும் அந்த ஆறு மணி நேரத்தில் தாய் தைத்தால், கூலி இழப்பில் ஒரு பகுதியாவது திரும்ப வரும். மகள் பட்டறையில் துணி வெட்டவும் மடிக்கவும் பொத்தான் தைக்கவும் பழகிக்கொண்டால், ஓரிரு ஆண்டில் அந்த வேலையை வீட்டிலும் செய்யலாம். இயந்திரத்தில் அவரே அமர்கிறாரா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பட்டறையில் சேர்க்கும் முன் இரண்டு வாரம் சோதனையாக விடக் கேளுங்கள். முதல் வாரம் யாரும் அழுவார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் காலையில் பையைத் தானே எடுத்து மாட்டுகிறாரா என்று பாருங்கள்.

இருவரும் முதலில் செய்ய வேண்டியது, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (யு.டி.ஐ.டி.) எடுத்து, அது தற்காலிகமானதா, காலாவதித் தேதி என்ன என்று பார்ப்பது. பள்ளி வயதில் எடுத்த அட்டைகள் பதினெட்டைத் தாண்டும்போது மறு மதிப்பீட்டுக்கு வருவது உண்டு. ஐடிஐ சேர்க்கை பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஒட்டித்தான் தொடங்கும். அந்த வாரங்களில் மருத்துவ வாரியத்துக்கு நாள் வாங்குவது கடினம் என்பதால், இந்த வேலையைப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடுவது நல்லது.